பன்னிருவர் கேளாத சாட்சியம்

தீர்ப்பு ஒன்று வெளியானதும் ஊர் கொதிப்பது புதிதன்று. அதிலும் கணவன் மனைவியரிடையே நிகழ்ந்த கொடுமை வழக்கு மன்றம் ஏறி, பன்னிரண்டு பேர் தனியறையில் கூடி ஒரு சொல் சொல்லிவிட்டால், அச்சொல் எதுவாயினும் பாதி ஊர் வெகுள்கிறது. குற்றவாளி என்றால், பல்லாண்டு அடிபட்டவளையா தண்டிப்பது என்கிறது ஒரு குரல். குற்றமற்றவள் என்றால், இனிக் கணவன்மார் அச்சமின்றி உறங்குவது எப்படி என்கிறது மற்றொரு குரல். இரு சாராரும் வைவது அந்தப் பன்னிருவரைத்தான். அவர்களை வைவதில் பயனுண்டா என்று நம்மை எண்ணவைத்த சிறுகதை ஒன்றைக் குறித்து ஈண்டுச் சிறிது பேச விழைகிறோம்.

முன்னாளில் நம்மிடம் ஸர்ஃபும் நஹ்வும் ஓதிப் பின்னர்க் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலச் சென்ற மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் ஒரு கதையை நம் கையில் தந்து, "இதில் வரும் இரு பெண்களும் செய்தது சரிதானா, ஹஜ்ரத்?" என்று வினவினார். நமது ஆங்கிலம் அகராதியைக் கைக்கோலாகக் கொண்டு நடப்பது. ஆதலின் மெல்ல மெல்ல மூன்று முறை படித்தோம். மூன்றாம் முறை முடிந்தபோது மாணவரின் கேள்வி நமக்குச் சிறியதாகப்பட்டது.

கதையை எழுதியவர் அமெரிக்க நாட்டுச் சூசன் கிளாஸ்பெல் அம்மையார். 1916-இல் 'ட்ரைஃபிள்ஸ்' என்னும் ஓரங்க நாடகமாக இதனை முதலில் எழுதினார். 'அற்பங்கள்' என்று அதனைத் தமிழாக்கலாம். மறு ஆண்டே அதைச் சிறுகதையாக்கி, 'எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்' என்று பெயரிட்டார். ஒருவரை அவரை ஒத்த நிலையினரே கூடி விசாரிக்க வேண்டும் என்பது ஆங்கிலேய நீதிமுறையின் பழைய பெருமிதம். அந்தப் பெருமிதத்தையே அம்மையார் தலைப்பில் வைத்துக் குத்துகிறார். 'அவளை ஒத்தாரின் ஜூரி' என்றால் ஒருவாறு பொருந்தும்.

ஜூரி என்பது நம் நாட்டு இளைஞர்க்கு இன்று கதைப்பொருளாகிவிட்டது. சட்டம் பயிலாத பொதுமக்களுள் சிலரைத் தெரிந்தெடுத்து, சாட்சியங்களைக் கேட்கச் செய்து, குற்றம் உண்டா இல்லையா என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யும் முறை அது. தண்டனையை விதிப்பது பெரும்பாலும் நீதிபதியின் வேலை. பம்பாயில் 1959-இல் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 'குற்றமற்றவர்' என்றனர். நீதிபதி அதனை ஏற்காது உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது. மனைவியின் காதலனைச் சுட்ட கணவனுக்காகத் தெருவில் ஆரவாரித்த கூட்டத்தை நம் தலைமுறையினர் மறந்திலர். பின்னர்ப் படிப்படியாகத் தேய்ந்த ஜூரி முறைக்கு 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமே இல்லாது போயிற்று. நிற்க.

கிளாஸ்பெல் தம் கதையைக் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வாரன் கவுண்டியின் பண்ணை வீடொன்றில், 1900 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு, ஜான் ஹொஸ்ஸாக் என்னும் உழவர் படுக்கையில் கோடரியால் வெட்டுண்டார். அருகே படுத்திருந்த மனைவி மார்கரெட், தாம் உறங்கிக் கொண்டிருந்ததாகவும் ஓசை கேட்டு விழித்ததாகவும் கூறினார். அருகில் படுத்தவள் அறியாது கோடரி விழுமா என்று ஊர் கேட்டது. கோடரி களஞ்சியத்தின் அடியில் கிடைத்தது. அதிலிருந்த குருதி, விழாவுக்கென அறுத்த வான்கோழியினது என்று வீட்டார் சொல்லினர். கணவரை அடக்கம் செய்த நாளிலேயே மார்கரெட்டைக் கைது செய்தனர். ஒன்பது மக்களைப் பெற்றுவளர்த்த தாய் அவர்.

அப்போது கிளாஸ்பெல் இருபத்து நான்கு வயது நிரம்பிய செய்தியாளர். 'டி மொய்ன் டெய்லி நியூஸ்' இதழுக்காக இவ்வழக்கைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தொடக்கச் செய்திகளில் மார்கரெட் உரமான உடலும் இறுகிய முகமும் கொண்ட, அஞ்சத்தக்க பெண்ணாகக் காட்சி தருகிறார். பின்னர் ஒருநாள் கிளாஸ்பெல் அந்தப் பண்ணை வீட்டின் சமையலறைக்குள் சென்று வந்தார். அதற்குப் பிறகு எழுதிய செய்திகளில் அதே பெண் தளர்ந்தவராக, தாயாக மாறிவிடுகிறார். மாறியது மார்கரெட் அல்லர், பார்த்த கண். வாசகரைச் சினமூட்டுவதற்கு முதலில் பயன்பட்ட பேனா அவருடையதும்தான் என்பதை நாம் மறத்தலாகாது. வழக்கு முடிந்த சில நாள்களில் அவர் இதழ்ப் பணியைத் துறந்து கதை எழுதப் போனார்.

1901 ஏப்ரலில் இண்டியானோலா நகரில் விசாரணை நடந்தது. மன்றம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களுள் பெண்கள் ஏராளம். ஆனால் ஜூரியில் அமர்ந்த பன்னிருவரும் ஆடவரே. அக்காலத்தில் அம்மாநிலப் பெண்களுக்கு முழு வாக்குரிமையும் இல்லை, ஜூரியில் இருக்கையும் இல்லை. ஷெரீஃபின் மனைவி குற்றம் சாட்டப்பட்டவரின் அருகே அமர்ந்து, அடிக்கடி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக் கொண்டதாகச் செய்தி. சட்டத்தைக் காப்பவரின் மனைவி, சட்டம் பிடித்துவைத்த பெண்ணுக்காக அழுகிறாள்! பதினைந்தாண்டுகள் கழித்து எழுந்த நாடகத்துக்கு விதை அந்தக் கைக்குட்டைதான் என்று நாம் கருதுகிறோம்.

இனி மன்றத்தில் பேசப்பட்டது யாது என்று பாருங்கள். ஹொஸ்ஸாக் வீட்டில் பல்லாண்டுகளாகச் சச்சரவு இருந்ததை அண்டை வீட்டார் அறிவர். கணவரின் கடுமையைப் பற்றி மார்கரெட் அவர்களிடம் முறையிட்டிருந்தார். கொலைக்கு ஓராண்டுக்கு முன் வீட்டைவிட்டு வெளியேறவும் செய்தார். அண்டை வீட்டார் கூடிச் சமாதானம் பேசி அவரைத் திருப்பி அனுப்பினர். இச்செய்திகளை மன்றத்தில் எடுத்துரைத்தவர் யார்? அரசுத் தரப்பு வழக்கறிஞர். ஏன்? அடிபட்டவளுக்கே கொல்லும் நோக்கம் உண்டு என்று மெய்ப்பிப்பதற்காக! எதிர்த்தரப்போ, சச்சரவெல்லாம் ஓராண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது, அதன்பின் அவ்வீட்டில் அமைதியே நிலவியது என்று நிறுவ முயன்றது. பெற்ற மக்களும் அவ்வாறே சான்று பகர்ந்தனர்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்றோம். ஒருத்தி பட்ட துன்பத்தைச் சொல்லுபவன் அவளுடைய பகைவன். அதனை மறைக்க வேண்டியவர் அவளுடைய நண்பர். அவள் வாய்திறந்து "ஆம், அடித்தார்" என்றால் அதுவே அவள் கழுத்துக்குக் கயிறு. மன்றத்தின் மொழியில் அத்துன்பத்துக்கு 'கொலை நோக்கம்' என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. அப்பன்னிருவர் முன் வைக்கப்பட்டது, கோடரியை எடுத்தவள் இவளா அன்றா என்னும் ஒரு வினா மட்டுமே. குற்றவாளி என்றனர். ஆயுள் முழுதும் கடுங்காவல் என்று அனமோசா சிறைக்கு அனுப்பினர். ஓராண்டு கழித்து, 1902-இல், அயோவா உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை உடைத்து மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. மறுவிசாரணையின் முடிவைப் பின்னர்ச் சொல்வோம்.

இப்போது கதைக்கு வருவோம். கோடரி இங்கே கயிறாகிவிட்டது. ஜான் ரைட் என்னும் உழவர் படுக்கையில் கழுத்து இறுகி இறந்து கிடக்கிறார். மனைவி மின்னி சிறையில். ஷெரீஃபும் அரசு வழக்கறிஞரும், பிணத்தை முதலில் கண்ட அண்டை வீட்டு உழவரும் தடயம் தேடி வருகின்றனர். மின்னிக்கு மாற்றுடை எடுத்துப்போக ஷெரீஃபின் மனைவியும் உழவரின் மனைவி மார்த்தா ஹேலும் உடன் வருகின்றனர். ஆடவர் மாடியையும் தொழுவத்தையும் துருவுகின்றனர். பெண்டிர் சமையலறையில் காத்திருக்கின்றனர். உறைபனியில் வெடித்துச் சிதறிய பழப்பாகுக் குப்பிகளைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டபோது, பெண்கள் அற்பங்களுக்கு வருந்திப் பழகியவர்கள் என்று ஆடவர் நகைக்கின்றனர்.

அந்த அற்பங்களில்தான் கதை முழுதும் இருக்கிறது. பாதி துடைத்து விடப்பட்ட மேசை. ஒட்டுத்துணிப் போர்வையில் அழகாக ஓடிவந்த தையல், ஓரிடத்தில் திடீரெனக் கோணல் மாணலாகிவிடுகிறது. மார்த்தா ஹேல் ஒன்றும் பேசாமல் அத்தையலைப் பிரித்துத் தாமே திருத்தித் தைக்கத் தொடங்குகிறார். தடயத்தை அழிக்கிறோம் என்று அவருக்கே அப்போது தெரியுமோ தெரியாதோ! பிறகு கதவு முறிந்த ஒரு பறவைக் கூண்டு. தையற் கூடையினுள், பட்டுத்துணியில் பொதிந்து வைத்த, கழுத்துத் திருகப்பட்ட ஒரு பாடும் பறவை. மின்னி கன்னியாக இருந்தபோது பாடியவள். மணமான பின் அவ்வீட்டில் பாட்டு இல்லை, மழலையும் இல்லை. இருந்த ஒரே குரல் அப்பறவையினது.

ஜான் ரைட்டைக் குறித்து ஊரார் சொல்லும் நற்சான்றைக் கவனியுங்கள். குடிப்பதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, கடன் பாக்கி வைப்பதில்லை. நம் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிக்கப் போனவர்கள் கொண்டுவரும் சான்றிதழும் ஏறத்தாழ இதுவே அன்றோ! அவர் மனைவியை அடித்ததாகக் கதையில் ஒரு வரியும் இல்லை. அடியில்லாமலே ஒரு வீடு எவ்வளவு குளிர்ந்து போகலாம் என்பதைக் கிளாஸ்பெல் உறைந்த குப்பிகளைக் கொண்டே உணர்த்திவிடுகிறார். உண்மை வழக்கில் இருந்த ஒன்பது மக்களைக் கதையில் நீக்கியதும் இக்குளிருக்காகவே.

மத்ரஸாவில் நீதிவிசாரணைப் பாடம் நடத்துகையில் நாம் வழக்கமாக ஓரிடத்தில் தங்குவோம். ஹிஜ்ரி 751-இல் மறைந்த இப்னுல் கய்யிம் அவர்கள் 'அத்துருகுல் ஹுக்மிய்யா'வில், 'பய்யினா' என்ற சொல்லை இரண்டு சாட்சிகள் என்று சுருக்கிவிடக் கூடாது, உண்மையை வெளிப்படுத்தும் யாவும் பய்யினாவே என்று வாதிடுகிறார். யூஸுஃப் நபியவர்களின் வரலாற்றில் சட்டை முன்னால் கிழிந்ததா பின்னால் கிழிந்ததா என்ற ஒரு துணிக்கிழிசல் அன்றோ உண்மையைக் காட்டிற்று? அதுவும் ஒரு வீட்டினுள் நடந்த வழக்கே. கோணிய தையலும் திருகிய கழுத்தும் அவ்வகைச் சான்றுகள். 'ஷாஹித்' என்ற அரபுச் சொல்லுக்குச் சாட்சி என்று பொருள் கொள்கிறோம். அதன் வேரோ உடனிருத்தலைக் குறிப்பது. மார்த்தா ஹேலை வாட்டும் எண்ணமும் இதுவே. இத்தனை ஆண்டுகள் அண்டையில் இருந்தும் மின்னியின் வீட்டுக்குத் தாம் செல்லாதது ஒரு குற்றம், அதனைத் தண்டிப்பவர் யார் என்று அவர் கலங்குகிறார். உடனிருந்திருக்க வேண்டியவர் இல்லாது போனார். கதையின் உயிர்நிலை இதுவென்பது நம் துணிபு.

ஈற்றில் பெண்டிர் இருவரும் அப்பறவைப் பெட்டியை மறைத்துவிடுகின்றனர். ஷெரீஃபின் மனைவி சட்டத்தையே மணந்தவர் என்று வழக்கறிஞர் வேடிக்கை பேசும் அதே நேரத்தில், பெட்டி மார்த்தா ஹேலின் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. மாணவர் கேட்டது இதைத்தான். சான்றை மறைப்பது சரியா?

சரியன்று என்றே சொல்கிறோம். கதையை வியப்போர் பலர் இம்முடிவில் கைதட்டி மகிழ்கின்றனர். நாம் மகிழ இயலவில்லை. அப்பெட்டி கொலைக்கு நோக்கம் காட்டும் சான்று; அதேவேளை மின்னி பட்ட பாட்டுக்கும் உலகில் எஞ்சியிருந்த ஒரே சான்று. அதனை மறைத்தபோது அவளைக் காத்தனர், அவளுடைய துயரத்தையும் புதைத்தனர். ஹொஸ்ஸாக் வழக்கின் எதிர்த்தரப்பு செய்ததும் இதுவே அன்றோ! மறைத்தாலன்றி அவளைக் காக்க முடியாத ஒரு மன்றத்தை ஊர் கட்டிவைத்திருந்தது. கிளாஸ்பெல் இதனை அறிந்தே எழுதினார் என்று கொள்கிறோம். ஏனெனில் பெட்டி பைக்குள் போகும்போது அவர் நடையில் வெற்றிக்களிப்பின் சாயலும் இல்லை. குறை என்று ஒன்று சொல்லலாம். இறந்த மனிதனுக்குக் கதையில் ஒரு சொல் கூட வழங்கப்படவில்லை. மின்னியும் இறுதிவரை நம் கண்முன் வருவதில்லை. வராத ஒருத்திக்கு இரங்குவது எளிது. எதிரில் நின்று முரணாகப் பேசும் ஒருத்திக்கு இரங்குவதே கடினம். மார்கரெட் ஹொஸ்ஸாக் அத்தகைய கடினமான பெண்ணாகவே முதலில் தோன்றினார்.

பின்னாளில் இதே முடிச்சு வேறு வேறு கயிறுகளில் விழுந்தது. ஃபுளோரிடாவில் 1957-இல் கணவனை மட்டையால் அடித்துக்கொன்ற ஹோய்ட் என்ற பெண்ணை ஆறு ஆடவர் கொண்ட ஜூரி குற்றவாளி என்றது. தாமே முன்வந்து பதிந்துகொண்ட பெண்களை மட்டுமே அங்கு ஜூரிக்கு அழைப்பர். அவ்வேற்பாட்டில் பிழையில்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1961-இல் ஒருமனதாகத் தீர்த்தது. கிளாஸ்பெல் தலைப்பிட்டு நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து! 1975-இல்தான் அந்நீதிமன்றம் வேறு வழி சென்றது. மிச்சிகனில் 1977-இல், பல்லாண்டு தன்னை அடித்தவன் உறங்கிய படுக்கைக்குத் தீயிட்ட ஃபிரான்சின் ஹியூஸை ஜூரி விடுவித்தது. ஆனால் அந்நேரம் சித்தம் பிறழ்ந்திருந்தாள் என்று சொல்லியே விடுவித்தது. கொலைக்கு உரிமம் வழங்கப்பட்டது என்று சிலர் சீறினர். 'அடிபட்டாள்' என்று சொல்ல இயலாத மன்றம் 'பித்தானாள்' என்று சொல்லக் கற்றுக்கொண்டது என்பதே நமக்குப் படுவது.

இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கு நம் வாசகர் பலர் அறிந்தது. ஐஸ்வர்யா ராய் நடிப்பில் 2006-இல் படமாகவும் வந்தது. பத்தாண்டு வதைபட்ட பஞ்சாபிப் பெண், 1989-இல் கணவன் மீது தீயிட்டாள். ஜூரி கொலைக்குற்றம் என்றது. விசாரணையில் அவள் வாய்திறக்கவில்லை. பத்தாண்டுக் கொடுமையைப் பற்றி ஜூரி கேட்டது மிகச் சிறிது. 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' என்னும் பெண்கள் அமைப்பினர் வெகுண்டெழுந்தனர். அவ்வெகுளியின் திறத்தைக் காண்க. ஜூரிகளை வைதுகொண்டு நில்லாமல், கேட்கப்படாததைக் கேட்கச் செய்யுங்கள் என்று அவர்கள் இயக்கம் நடத்தினர். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. கொலையெனும் குற்றம் குறைந்த குற்றமாகி, சிறையில் கழித்த காலமே தண்டனையாக, அவள் வீடு திரும்பினாள்.

இதுவரை பிற நாட்டாரைப் பற்றியே பேசினோம். நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் ஜமாஅத்தில் வழக்குத் தீர்க்க அமர்ந்த ஐவருள் நாமும் ஒருவர். கணவன் கைநீட்டுகிறான் என்று ஒரு பெண்ணின் தாய் முறையிட்டார். கணவனை அழைத்துக் கேட்டோம். தொழுகையாளி, குடியில்லை, கடன் பாக்கியில்லை. இனி இவ்வாறு நிகழாது என்று வாக்களித்தான். அவளை அழைத்துக் கேட்க வேண்டும் என்று ஐவரில் ஒருவர்க்கும் தோன்றவில்லை. திரைக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள் என்பதைப் பின்னரே அறிந்தோம். இணக்கம் செய்து அனுப்பிவைத்தோம். நல்ல காரியம் செய்தோம் என்று தேநீர் அருந்திக் கலைந்தோம். மூன்றாண்டு சென்று அவள் தாய்வீட்டுக்கே திரும்பியபோது இடச்செவி கேளாது போயிருந்தது. ஹொஸ்ஸாக் பண்ணையின் அண்டை வீட்டார் மார்கரெட்டைத் திருப்பி அனுப்பிய வரலாற்றைப் படித்தபோது நம் கையிலிருந்த தாள் நடுங்கிற்று. மாணவரிடம் இதனைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறோம், படிக்கட்டும்.

மறுவிசாரணை 1903-இல் நடந்தது. வாரன் கவுண்டியில் உணர்ச்சி மிகுந்திருந்தமையால் வழக்கு அடுத்த கவுண்டியின் வின்டர்செட் நகருக்கு மாற்றப்பட்டது. அங்கும் பன்னிரண்டு ஆடவர். அங்கும் அதே கோடரி, அதே வான்கோழி, அதே சச்சரவு. ஒன்பது பேர் குற்றவாளி என்றனர், மூவர் உடன்படவில்லை. எத்துணை வற்புறுத்தியும் கருத்து ஒன்றாகாமையால் ஜூரி கலைந்தது. மூன்றாம் முறை வழக்கு நடக்கவில்லை. மார்கரெட் தம் மக்களிடம் திரும்பினார். பெண்ணின் துயரைப் பெண்ணே காண்பாள் என்று கிளாஸ்பெல்லின் கதையைச் சுருக்கிச் சொல்லும் திறனாய்வாளர், வின்டர்செட்டில் தலையாட்ட மறுத்த அந்த மூவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்களும் ஆடவர்களே.